வலது பக்கத்து டெக்

எனக்குக் கற்பனை வராது. வந்திருந்தால் சொந்தமாக மெட்டுப் போட்டுப் பேர் வாங்கியிருப்பேன். அடுத்தவர் பாட்டை இசைத்தட்டில் ஓட்டிப் பிழைக்கிறவன் நான். ஆகவே இதில் நானாகச் சேர்த்தது எதுவும் இல்லை. நடந்தது. போன மாதம், மைசூரில், பட்டப்பகலில்.

என் பெயர் கவின்ராஜ். சொந்த ஊர் கௌதள்ளி. இருப்பது விஜயநகரில், ஒரு மாடி அறையில். வாரம் முழுக்கக் கம்பெனி வேலை. சனிக்கிழமை இரவு மட்டும் ரிங் ரோடு பக்கம் ஒரு கிளப்பில் டி.ஜே. லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு தலையாட்டும் டி.ஜே. அல்ல. நிஜமான இசைத்தட்டு, அதைச் சுழற்ற இரண்டு டெக், இரண்டின் சத்தத்தையும் கலக்க நடுவில் மிக்சர். பழைய ஃபங்க் பாட்டுகளைப் பிரித்து, அடியில் டும் டும் என்று சீரான ஹவுஸ் தாளத்தைக் கட்டிக் கொண்டுவரும் ரீமிக்ஸ் தட்டுகள்தான் என் சரக்கு. இடது டெக்கில் ஒன்று ஓடும்போதே வலது டெக்கில் அடுத்ததைத் தாளம் பிசகாமல் கோக்க வேண்டும். ஆடுகிறவனுக்குப் பாட்டு மாறியதே தெரியக்கூடாது.

ஆறு வருடம் அந்தச் சனிக்கிழமை என்னுடையதாக இருந்தது.

அப்புறம் தீபக் வந்தான். இருபத்து மூன்று வயது. வெள்ளிக்கிழமையை அவனுக்குக் கொடுத்தார்கள். அவனிடம் ஒரு தட்டு உண்டு. அதன் நடு லேபிள் மேல் கறுப்புத் தாளை ஒட்டியிருப்பான். என்ன பாட்டு என்று இன்னொரு டி.ஜே. எட்டிப் பார்த்து வாங்கிவிடக் கூடாதே, அதற்காக. எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். நானும் செய்வேன். நான் செய்தால் ஜாக்கிரதை. அவன் செய்தால் திமிர்.

அந்தத் தட்டு சுழன்றால் ஜனம் கூரையைப் பிய்க்கும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஸ்வாதியைத்தான் பொறுக்க முடியவில்லை.

ஸ்வாதி அங்கே லைட் போடுகிறவள். நான் கட்டிக்கொள்ளப் போகிறவள். தீபக் வாசிக்கும்போது அவள் லைட்டை மறந்துவிட்டு நிற்பாள்.

"அவன் போடறப்ப உனக்குக் கை ஓடறதில்ல. என் பாட்டுக்கு மட்டும் கரெக்டா ஓடுது" என்றேன் ஒருநாள்.

"உன் பாட்டுக்கு நிம்மதியா வேலை பாக்க முடியுதுப்பா. நல்லதுதானே?"

அந்த 'நல்லதுதானே' இரண்டு ராத்திரி என் தூக்கத்தைத் தின்றது.

முதலாளி சந்தோஷ்குமார் எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினார். "வர்ற சனிக்கிழமை ரெண்டு பேரும் போடுங்க. யார் போடறப்ப ஜனம் வீட்டுக்குப் போகாம நிக்குதோ, சனிக்கிழமை இனிமே அவங்களுக்கே."

புதன்கிழமை அரை நாள் லீவு போட்டேன். எந்தத் தட்டுக்குப் பின் எந்தத் தட்டு என்று கிளப்பின் பெரிய ஸ்பீக்கரில் கேட்டுப் பார்க்க வேண்டும். சாவி என்னிடம் இருந்தது. உள்ளே யாரும் இல்லை. தரைக்குக் கீழே உள்ள இடம். ஜன்னல் கிடையாது. வெளியே கண் கூசும் வெயில், உள்ளே அமாவாசை. மிக்சர் மேல் வளைந்து நிற்கும் குட்டி விளக்கை மட்டும் போட்டேன்.

மணி மூன்று பத்து.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். டெக் கிளப்பினுடையது, ஊசி டி.ஜே.யுடையது. அவரவர் ஊசியை அவரவர் கொண்டுவந்து மாட்டி, முடிந்ததும் கழற்றி எடுத்துப் போய்விடுவோம். இரவல் கொடுக்க மாட்டோம். அன்று என்னிடம் ஒரே ஊசிதான் இருந்தது. இன்னொன்று ரிப்பேருக்குப் போயிருந்தது. இடது டெக்கில் அதை மாட்டினேன்.

வலது டெக்கில் ஊசி இல்லை. தட்டும் இல்லை. வட்டமான கறுப்புத் துணி விரிப்பு மட்டும்.

முதல் தட்டு ஓடியது. பாதியில், பழக்க தோஷம்... ஹெட்போனை மாட்டி, வலது டெக்கைக் கேட்கும் பட்டனை அழுத்தினேன். ஒன்றும் கேட்கக்கூடாது.

கேட்டது.

டுப்... டுப்... ஸ்ர்ர்க்.

யாரோ ஒரு தட்டைக் கொஞ்சம் ஓடவிட்டு, நிறுத்தி, பின்னால் இழுத்தார்கள். மறுபடி ஓடவிட்டார்கள். கோப்பதற்கு முன் நாங்கள் செய்வது அதுதான். ஹெட்போனைக் கழற்றினேன். ஹாலில் என் பாட்டு மட்டும். மாட்டினேன். டுப்... டுப்... ஸ்ர்ர்க்.

வலது டெக்கைப் பார்த்தேன். சுழன்றுகொண்டிருந்தது. நான் அதைப் போடவே இல்லை.

மிக்சரில் அதன் சத்தத்தைக் கூட்டும் விசை மெல்ல மேலே ஏறியது. ஸ்பீக்கரில் புதிதாக ஒரு பேஸ் கிதார் வந்து என் தாளத்தின் மேல் உட்கார்ந்தது. மயிரிழை பிசகவில்லை. நான் ஆறு வருடத்தில் ஒரு தடவைகூட அப்படிக் கோத்ததில்லை.

அங்கேயே ஓடியிருக்க வேண்டும். ஆனால், பயம் வர வேண்டிய இடத்தில் எனக்குப் பொறாமை வந்தது.

தீபக். அவன்தான். எங்கேயோ ஒயரைச் சொருகி, ஒளிந்துகொண்டு என்னைக் கேலி செய்கிறான். வா, பார்க்கலாம் என்று அடுத்த தட்டை எடுத்தேன்.

இதற்கு எங்களிடம் பேக் டு பேக் என்று பேர். இரண்டு டி.ஜே. தோளோடு தோள் நின்று, மாற்றி மாற்றி ஆளுக்கொரு தட்டு. நான் ஒன்று போட்டேன். வலது டெக் பதில் போட்டது. என்னுடையதைவிட நன்றாக இருந்தது. இன்னொன்று போட்டேன். அதற்கும் பதில் வந்தது. அதைவிட நன்றாக. என் முறை வரும்போது அதன் விசை தானாக, மரியாதையாகக் கீழே இறங்கியது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பத்திரமாக வைத்திருந்த தட்டையும் எடுத்துப் போட்டேன்.

ஐந்தாவது பதில் வந்தது.

ஒரு பெண் குரல். ஒரே சொல். அதைத் துண்டு துண்டாக வெட்டித் தாளத்துக்குள் விட்டிருந்தார்கள். என் கண்ணில் நீர் வந்துவிட்டது. அவ்வளவு நன்றாக இருந்தது.

அப்போதுதான் துணி விரிப்பைக் கவனித்தேன்.

அதில் இரண்டு குழிகள். விரல் நுனி அளவு.

விரிப்பு சுழன்றது. குழிகள் சுழலவில்லை... அதே இடத்தில் நின்றன.

ஹெட்போனில் 'த்ச்' என்று ஒரு சத்தம். தாளம் சரியாக விழுந்தால் நான் நாக்கால் அப்படித் தட்டுவேன். என் பழக்கம்.

நான் தட்டவில்லை.

'த்ச்.'

என் வலது தோளில் ஏதோ சாய்ந்தது. இன்னொரு தோள்.

சில்லென்று.

என் முறை. அது காத்திருந்தது...

நான் தட்டை எடுக்கவில்லை. ஓடினேன்.

மேலே வெயிலில் வந்து விழுந்தபோது மணி மூன்று ஐம்பத்திரண்டு. பையும் தட்டுகளும் உள்ளேயே கிடந்தன. ரோட்டோரத்தில் நின்று தீபக்குக்குப் போன் போட்டேன். அவன் பின்னால் குழந்தை அழும் சத்தம் கேட்டது.

"எங்கடா இருக்க?"

"சாமராஜநகர்லண்ணா. அக்கா வீட்ல. காலைலயே வந்துட்டேன். ஏன்?"

சொன்னேன். அவன் சிரிக்கவில்லை.

"ரைட் சைடு டெக்கா?"

"ஆமா."

"எத்தன பாட்டு போட்டுச்சு உங்களுக்கு?"

"அஞ்சு."

குழந்தையின் அழுகை தள்ளிப் போனது. வீட்டுக்கு வெளியே வந்திருப்பான்.

"எனக்கு ரெண்டுதான்ணா" என்றான். "ரெண்டோட நின்னுபோச்சு. நாலு மாசமா மத்தியானத்துல போய் நின்னு பாக்கறேன். வர்றதே இல்ல. உங்களுக்கு அஞ்சா?"

அவன் குரலில் பயம் இல்லை. எனக்கு மிக நன்றாகத் தெரிந்த வேறொன்று இருந்தது.

"கடைசியா யார் முறை?"

"என் முறை. ஓடி வந்துட்டேன்."

"தட்டு போடாமயா? அண்ணா, பேக் டு பேக்ல தன் முறைல எறங்கிப் போனா, எடத்த அவங்களுக்கு விட்டுக் குடுத்துட்டோம்னு அர்த்தம். தெரியாதா உங்களுக்கு?"

போன் வைக்கப்பட்டது.

வெள்ளிக்கிழமை எனக்குக் காய்ச்சல் கண்டது. சனிக்கிழமை எழுந்திருக்க முடியவில்லை. வர முடியாது, தீபக்கே போடட்டும் என்று சந்தோஷ்குமாருக்கு மெசேஜ் அனுப்பினேன். பதில் இல்லை. போர்வையை இழுத்துக்கொண்டு படுத்துவிட்டேன். ஆறு வருட சனிக்கிழமை போச்சு என்று அழுதேன்.

ஞாயிறு காலை ஸ்வாதி போன் செய்தாள். குரல் குழைந்திருந்தது.

"இத்தன நாளா இதையெல்லாம் எங்க ஒளிச்சு வச்சிருந்தப்பா? நேத்து நான் அழுதுட்டேன், தெரியுமா?"

"எதுக்கு?"

"எதுக்கா? நீ வாசிச்சதுக்குத்தான். ஒருத்தர் வீட்டுக்குப் போகல. தீபக் ஓரமா கையக் கட்டிக்கிட்டு உன்னையே பாத்துக்கிட்டு நின்னான். பாவம், மூஞ்சி செத்துப்போச்சு. சனிக்கிழமை உனக்கேன்னு சந்தோஷ் சார் சொல்லிட்டார்."

"ஸ்வாதி... நான் நேத்து வரவே இல்ல."

"ஆமா, வரல. என்னை வீட்டு வாசல்ல விட்டுட்டு ஒரு வார்த்தை பேசாம போனதும் நீ இல்ல."

ஒரு போட்டோ அனுப்பினாள். டெக்குகளுக்குப் பின்னால், முதுகைக் காட்டிக்கொண்டு நான். என் சாம்பல் நிறச் சட்டை. அந்தச் சட்டை அப்போது என் அறை வாசலில், கொடியில், வியாழக்கிழமை நான் துவைத்துப் போட்டபடியே தொங்கிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை நேரில் போய்ச் சொன்னேன். என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"அது நான் இல்ல. அவன்கூட வண்டியில ஏறாத" என்றேன்.

"உன் மேலயே உனக்குப் பொறாமையா?" என்று சிரித்தாள்.

நான் ஜெயித்துவிட்டேன். சனிக்கிழமை என்னுடையது. சுவரில் ஒட்டிய போஸ்டரில் என் பெயர். ஸ்வாதி இப்படி மயங்கிப் பேச மாட்டாளா என்று ஏங்கியதும் நடந்துவிட்டது. எதிலும் நான் இல்லை. தீபக் மேல் பொறாமை வந்தால் அவனைத் திட்டலாம். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

அடுத்த சனிக்கிழமை. இரவு ஏழு நாற்பது. என் வண்டி என் அறைக்குக் கீழே நின்றது. ஜன்னல் வழியாகப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். வண்டிச் சாவி என் கையில். இன்று அவளைக் கிளப்புக்குப் போகவிடக் கூடாது என்று போன் போட்டேன்.

முதல் மணியிலேயே எடுத்தாள். அவசரமாகச் செருப்பு மாட்டும் சத்தம்.

"எங்க வீட்டு வாசல்ல வண்டிய நிறுத்தியாச்சு, மேல பாத்து எனக்குக் கையும் ஆட்டியாச்சு. அப்புறம் எதுக்குப்பா போன் வேற? இரு, எறங்கி வர்றேன்."