பிடித்துத் தைத்த சட்டைகள்

மாஸ்டருக்கு எடை மெஷின் மேல் நம்பிக்கை கிடையாது. ஆள் இளைத்தானா பெருத்தானா என்பதைச் சட்டைதான் சொல்ல வேண்டும் என்பது அவர் கட்சி. முப்பத்தோரு வருஷமாக ஒரே தெருவில் தையல் கடை. கீழே கடை, மாடியில் வீடு. வாடிக்கையாளர் உள்ளே கால் வைக்கும்போதே, "என்ன சார், இடுப்புல ரெண்டு இஞ்ச் ஏறிட்டீங்க போலிருக்கே!" என்று மானத்தை வாங்குகிற வாய். அப்பேர்ப்பட்ட வாய்க்காரருக்குத் தொண்டையிலா வந்து உட்கார வேண்டும் அந்தக் கட்டி?

குரல் கம்மியதைச் சளி, சளி என்றே இரண்டு மாதம் ஓட்டினார். மகள்தான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாள். புற்றுநோய் என்று டாக்டர் சொன்னதும் மகள் அழுதாள். மாஸ்டர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாஸ்டரம்மா, அதுதான் அவர் மனைவிக்குத் தெருவில் பேர், நேராகவே கேட்டுவிட்டாள்.

"குணமாகுமா ஆகாதா, அதைச் சொல்லுங்க டாக்டர்."

ஆகும் என்றார். முப்பத்து மூன்று நாள் கதிர்வீச்சு, சனி ஞாயிறு லீவு. ஆனால் நடுவில் நிறுத்தினால் கட்டி மறுபடி தலைதூக்கும் என்றும் சொன்னார்.

தலை அசையாமலிருக்க, முகத்துக்கும் கழுத்துக்கும் அளவாக ஒரு வலை மூடி செய்தார்கள். வெந்நீரில் இளக்கிய பிளாஸ்டிக்கை முகத்தின் மேல் போட்டு அழுத்தி எடுத்தது. மாஸ்டர் வெளியே வந்து, "ஒரே ட்ரயல்ல என்னமா ஃபிட்டிங்! நான் தலைகீழா நின்னாலும் வராது" என்று வியந்தார். போட்டி வந்த இடத்தைப் பாருங்கள்!

இரண்டாவது வாரம் தொண்டை புண்ணாகிவிட்டது. தண்ணீர் குடித்தாலே கண்ணாடித் தூளை விழுங்குவது போல. எதைக் கொடுத்தாலும் இரண்டு வாய், அப்புறம் தட்டைத் தள்ளிவிடுவார். ஒரு சனிக்கிழமை காலை மாஸ்டரம்மா கதவோரமாக நின்று பார்த்தாள். கண்ணாடி முன்னால் நின்று, விலாப் பக்கம் தொங்கிய சட்டையை இரண்டு விரலால் கிள்ளிப் பிடித்துக்கொண்டிருந்தார். அப்படியே வெகுநேரம் நின்றார். அன்றைக்கு அவர் கடைக்கு இறங்கி வரவேயில்லை.

பொத்தானுக்குக் காஜா எடுப்பதும் ஓரம் மடிப்பதுமாக அவளும் அதே கடையில் காலம் தள்ளியவள்தான். அவர் தூங்கிய நேரம் பார்த்து, நான்கு சட்டையையும் பக்கத்துக்கு அரை இஞ்ச் பிடித்துத் தைத்துவிட்டாள். பேன்ட் இடுப்பையும் விடவில்லை. மறுநாள் சட்டையைப் போட்டவர் முகம் தெளிந்துவிட்டது.

"நேத்து என்னமோ கண்ணு மயங்கிடுச்சு போல. நான் ஒண்ணும் இளைக்கலையே!" என்று சொல்லி, ஒரு டம்ளர் பாலை முக்கி முனகி முழுசாகக் குடித்தார்.

போதாதா அவளுக்கு? சட்டை தொளதொளக்கும் முன்னாலேயே மறுபடி பிடித்தாள். பிறகு இன்னொரு தடவை. துவைப்பதும் தேய்ப்பதும் அவள் பாடு; உள்பக்கம் திருப்பிப் பார்க்கிற தெம்பு அவருக்கு ஏது? ஊரார் உடம்பையெல்லாம் கண்ணாலேயே அளந்த மனுஷர், தன் உடம்பு விஷயத்தில் ஏமாந்தார்.

நான்காவது வாரக் கடைசியில் ஆஸ்பத்திரியில் அந்த வலை மூடி முகத்தில் தளர்ந்து ஆடியது. எடை பார்த்தால் ஆறு கிலோ குறைவு. மூக்கு வழியாக வயிற்றுக்கு ஒரு மெல்லிய குழாய் விட்டு ஆகாரம் கொடுத்தே ஆக வேண்டும், திங்கட்கிழமைக்குள் சம்மதிக்காவிட்டால் சிகிச்சையை நிறுத்தி வைக்க வேண்டியதுதான் என்றார் டாக்டர்.

"உங்க மெஷின் கோளாறு, டாக்டர்! ஆறு கிலோ போயிருந்தா இந்தச் சட்டை என் மேல இப்படி நிக்குமா? பாருங்க!"

டாக்டர் பார்த்தார். நேற்றுத் தைத்தது போல் கச்சிதமாக இருந்தது. நேற்றுத் தைத்ததுதானே! மாஸ்டரம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

சனிக்கிழமை முழுக்க மகள் கெஞ்சிப் பார்த்தாள். குழாய் கிடையாது, கிடையவே கிடையாது என்று மாஸ்டர் ஒற்றைக்காலில் நின்றார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சமையலறையில் மகள் உடைந்துபோய், "நாளைக்கு நிறுத்திட்டாங்கன்னா என்னம்மா பண்றது?" என்றாள். அந்த மனுஷரைத் தேற்றப்போய்த் தன் கையாலேயே சாகடிக்கப் பார்க்கிறோம் என்பது மாஸ்டரம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. ஈரக் கையோடு அவர் முன்னால் போய் நின்றாள்.

"என்னங்க, சட்டையைக் கழட்டுங்க."

"எதுக்கு?"

"கழட்டுங்கன்னு சொல்றேன்ல!"

கழற்றினார். உள்பக்கம் திருப்பி அவர் மடியில் போட்டாள். பக்கவாட்டில் ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று வரி தையல். மாஸ்டருக்கு விளக்கம் எதற்கு? அதில் ஒவ்வொரு வரியும் எவ்வளவு உடம்பு என்று அவருக்குத் தெரியும்.

"நாலு சட்டையுமா?"

"நாலும். பேன்ட்டும்தான்."

"அடிப்பாவி, என்னை முட்டாளாக்கிட்டியே! டாக்டர்கிட்ட எவ்வளவு வாய் கிழியப் பேசினேன்!" கத்தப் பார்த்தார், இருமல்தான் வந்தது.

"தப்புதான். கண்ணாடி முன்னாடி நீங்க நின்னதை என்னால பாக்க முடியலைங்க. எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க. ஆனா அந்தக் குழாயை வெச்சுக்கோங்க. நீங்க இல்லாம இருக்க எனக்குத் தைரியம் கிடையாது."

மாஸ்டர் சட்டையைக் கையில் எடுத்தார். விரல் தையலைத் தாண்டிப் போய், உள்ளே மடித்துத் தேய்த்திருந்த துணியைத் தடவியது. இவ்வளவு பிடித்தால் மிச்சத் துணியைக் கத்தரித்துவிட வேண்டும், இல்லையென்றால் தடித்துக்கொண்டு நிற்கும். தையல் பழகிய முதல் வாரமே எவரும் கற்றுக்கொள்கிற பாடம்.

"இவ்வளவு துணி உள்ள கிடக்கே. வெட்டலையா?"

"எதுக்கு வெட்டணும்?" என்றாள் அவள். "நீங்க தேறி வந்ததும் பிரிச்சு விட வேண்டாமா?"

மாஸ்டர் சட்டையை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார். நோய் என்று தெரிந்த நாளிலிருந்து அதுவரை அவர் அழுததில்லை. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு மகளைக் கூப்பிட்டார்.

"டாக்டருக்குப் போன் போடும்மா. காலையில முதல் வேலையா குழாயை வெச்சிடச் சொல்லு."