கடல் பார்த்த வெள்ளைச் சுவர்

சென்ற வாரம் திருநின்றவூரில் எங்கள் தெருவின் மரங்களுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். தகர டிரம்மில் சுண்ணாம்பைக் கொட்டித் தண்ணீர் ஊற்றியதும் அது கொதித்துக் குமுறியது. ஆவி என் பால்கனி வரை எழும்பி வந்தது. காலை மாத்திரைக்காக எடுத்த தண்ணீர்த் தம்ளரைக் கையில் பிடித்தபடியே நான் நின்றுவிட்டேன். அந்த நெடி மூக்கைத் தொட்டால் எனக்கு நாக்கில் உப்புக் கரிக்கும். இதைச் சொன்னால் மருத்துவர் வயதின் கோளாறு என்பார். பழவேற்காட்டில் செங்கேணியின் விடுதியில் தங்கியவர்களுக்குச் சொன்னால் புரியும். ஆனால் அவர்களில் யார் மிச்சம் என்று எனக்குத் தெரியாது. ஆகவே உங்களிடம் சொல்கிறேன்.

அறுபதுகளின் இறுதியில் அந்த ஊர்ப் பள்ளியில் எனக்கு ஆசிரியை வேலை கிடைத்தது. பொன்னேரி வரை ரயில், பிறகு எப்போது வரும் என்று நடத்துநரே அறியாத பேருந்து. தினமும் போய்வர இயலாது என்பதால் வார நாட்களில் தங்குவதற்கு ஏரிக்கரையில் இருந்த அந்த விடுதியைக் காட்டினார்கள். விடுதி என்பதே மரியாதைக்குச் சொல்லும் சொல். ஓடு வேய்ந்த வீடு ஒன்று, அதில் தட்டி வைத்துத் தடுத்த அறைகள் சில, கயிற்றுக் கட்டில்கள். எதை உதறினாலும் மணல் விழும். நான் பெருமையாகக் கொண்டுபோயிருந்த கனத்த புத்தகங்களுக்குள்ளும் மணல் புகுந்துகொண்டது. பக்கம் புரட்டினால் அரிசி களைவதுபோல் ஓசை கேட்கும். ஏரித் தண்ணீர் உப்பு என்பதால் மணலில் தோண்டிய ஊற்றிலிருந்து குடத்தில் மொண்டு வருவார்கள். நண்டுக் குழம்பின் வாசனைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு போனவள், இரண்டாம் மாதத்தில் ரசம் வேண்டாம் என்று சொல்லும் நிலைக்கு வந்திருந்தேன்.

விருந்தாளிகள் எல்லோரும் வந்த அன்றே ஒரு புகாரைச் சொல்வார்கள். நானும் சொன்னேன். கடற்கரை ஊரில், முகத்துவாரத்துக்கு நேர் எதிரே கட்டிய அந்த வீட்டில், கடலைப் பார்த்த பக்கம் ஒரு சன்னல்கூட இல்லை. கிழக்கே முழு நீளத்துக்கும் வெறும் சுவர். அதுவும் கண் கூசும் வெள்ளை.

"காத்து வேணும்னா வாசாண்ட ஒக்காருங்க டீச்சரம்மா. அந்தச் செவுத்துல மட்டும் ஓட்டை போட மாட்டேன்" என்றாள் செங்கேணி. அவளுக்கு அப்போது முப்பது வயதிருக்கும். உயரமானவள். பேசும்போது சிரிப்பை உதட்டுக்குள் மடித்து வைத்துக்கொள்வாள்.

கும்மிடிப்பூண்டிப் பக்கத்திலிருந்து ஐஸ் கொண்டுவந்து இறால் வாங்கிப்போகும் நாயுடு ஒருவர் அங்கே நிரந்தர விருந்தாளி. செங்கேணியைச் சீண்டாமல் அவருக்குச் சோறு இறங்காது. "ஏம்மா, டப்பு குடுத்து வர்றவன் சமுத்திரம் பாக்கத்தான் வர்றான். நீ இன்னாடான்னா சமுத்திரத்துக்கு முதுகு காட்டிக்கினு ஊடு கட்டி வெச்சிக்கிற."

"முதுகு இல்ல நைனா, மூஞ்சி. கடல்ல கீறவனுக்கு இதான் எங்க ஊரு மூஞ்சி."

அவள் சொன்னதன் பொருள் எனக்குச் சில நாட்கள் கழித்துத்தான் விளங்கியது. கடலிலிருந்து ஏரிக்குள் வரும் வாய் குறுகலானது. இரு பக்கமும் நீருக்கடியில் மணல் திட்டு. மீன்பிடித்துத் திரும்புகிறவர்கள் தொலைவிலேயே இந்த வெள்ளைச் சுவரையும் அதற்குப் பின்னால் நின்ற ஒற்றைப் பனையையும் ஒரே கோட்டில் பிடித்துக்கொண்டு, அந்தக் கோடு பிசகாமல் படகை உள்ளே விடுவார்கள். சன்னல் வைத்தால் வெள்ளையில் கறுப்பு விழும். மங்கிய வானத்தில் சுவர் உடைந்து தெரியும். அந்த வீட்டைக் கட்டிய செங்கேணியின் மாமனார் தூங்குகிறவனின் காற்றைவிடத் திரும்புகிறவனின் கண்ணைப் பெரிதாக நினைத்திருக்கிறார்.

பொங்கலுக்கு முன் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். ஏரியில் அள்ளிய கிளிஞ்சலைச் சுட்டு, நீற்றி, வடிகட்டிய பால். அப்போது விடுதியில் யார் தங்கியிருந்தாலும் நுனி நைத்த ஒரு மட்டையை எடுத்துத் தன் கைக்கு எட்டிய இடத்தை அடித்தாக வேண்டும். அது அந்த வீட்டு வழக்கம். பட்டணத்திலிருந்து பறவை பார்க்க வந்த கனவான்கள்கூடக் கால்சட்டையை மடித்துக்கொண்டு நின்றதுண்டு. நான் புதுச் சேலையோடு போய், சுவருக்குச் சமமாக என் மேலும் பூசிக்கொண்டேன்.

செங்கேணியின் கணவன் தேசப்பன் கரையேறி வந்து, ஈரம் சொட்டச் சொட்டச் சுவரைப் பார்வையிட்டான். "இன்னா டீச்சரம்மா, ஒங்க பக்கம் திட்டுத் திட்டா கீதே. நான் வழி தெரியாம வேற ஊருக்குப் பூடுவேன் போல."

"போயேன், எந்த ஊருக்காரி ஒனக்குச் சோறு போட்றான்னு பாக்கறேன்" என்றாள் செங்கேணி. எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

அதற்கடுத்த ஐப்பசியில் தேசப்பனும் அவனுடைய கூட்டாளி ஒருவனும் வடக்கே மீன் தேடிப் போனார்கள். மறுநாள் புயல் வந்தது. கூட்டாளியின் உடல் ஆந்திரக் கரையில் ஒதுங்கியது. தேசப்பன் ஒதுங்கவில்லை. "ஒடம்பு வரல இல்ல?" என்று வந்தவர்களிடமெல்லாம் கேட்டாள் செங்கேணி. வரவில்லை என்று அவர்கள் தலையசைத்தால், ஆறுதல் கிடைத்தவள்போல் உள்ளே போய்விடுவாள். குங்குமத்தை அழிக்கவில்லை. பொங்கல் வரைக்கும் பொறுக்காமல் கார்த்திகையிலேயே கிளிஞ்சல் வாங்கினாள். புயல் மழையில் கரைந்திருந்த சுவருக்குத் தனியாக நின்று சுண்ணாம்பு அடித்தாள். வழக்கப்படி நானும் நாயுடுவும் மட்டையைத் தேடினோம். அவள் தரவில்லை. "திட்டுத் திட்டா ஆயிடும்" என்றாள்.

ஆனால் புயல் முகத்துவாரத்தையும் விட்டுவைக்கவில்லை. பழைய வாய் மணலடித்துத் தூர்ந்தது. ஏரி வடக்கே சற்றுத் தள்ளி வேறு வாய் திறந்துகொண்டது. சுவரையும் பனையையும் கோடு பிடித்து வந்தால் இப்போது நேரே மணல் திட்டில் போய் மோத வேண்டியதுதான். உள்ளூர்க்காரர்கள் பழகிக்கொண்டார்கள். ஆனால் மழை மூட்டத்தில் வேற்றூர்ப் படகொன்று சுவரை நம்பி வந்து கவிழ்ந்தது. உயிருக்கு ஆபத்தில்லை, ஒருவனுக்குக் கால் முறிந்தது.

மறுநாள் குப்பத்துப் பெரியவர்கள் வந்தார்கள். முன்னால் நின்றவர் தேசப்பனுக்குச் சித்தப்பா முறை.

"தா பாரு பொண்ணே, செவுத்த மறைச்சுடு. வேற எடத்துல கொடி நட்டுக்கினோம். இது இருந்தா எவனாச்சும் செத்துருவான்."

"மறைக்க மாட்டேன் மாமா. அவருக்குத் தெரிஞ்ச வழி இது ஒண்ணுதான். செவுரு இல்லன்னா ஊரு தெரியாத புள்ள மாரி சுத்திக்கினு கெடப்பாரு."

கிழவர் தோளில் கிடந்த துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். "எனக்கும் புள்ளதாண்டி அவன்" என்று மட்டும் அவர் சொன்னது கேட்டது. யாரும் வற்புறுத்தவில்லை. போய்விட்டார்கள்.

அடுத்த சில நாட்கள் விடுதியில் சோறு வேளைக்கு வந்தது. குழம்பில் உப்பு இல்லை. நாயுடு குறை சொல்லாமல் சாப்பிட்டார். ஒரு மாலை, நான் மாணவிகளின் கட்டுரைகளைத் திருத்திக்கொண்டிருந்தபோது செங்கேணி வந்து என் கட்டிலருகே தரையில் அமர்ந்தாள்.

"டீச்சரம்மா, அவரு வர்றாருன்னே வெச்சுக்கங்க. இந்தச் செவுத்தப் பாத்துத்தான வருவாரு?"

"ஆமாம்."

"பாத்து வந்தா மணல்லதான மோதுவாரு?"

படித்தவள் என்பதால் என்னைக் கேட்டாள். வேறு பதில் ஏதும் இருக்கும் என்று நம்பினாளோ என்னவோ. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அது சுண்ணாம்பு தின்று வெடித்திருந்தது.

காலையில் ஏரிச் சேற்றைக் கூடை கூடையாகக் கொண்டுவந்து சுவரில் அப்பத் தொடங்கினாள். கறுத்த, நாற்றமடிக்கும் சேறு. நாயுடு ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முழுதும் மறைந்தது. ஆனால் நண்பகல் வெயிலில் சேறு காய்ந்து, வெடித்து, பாளம் பாளமாக உதிர்ந்தது. உள்ளேயிருந்து வெள்ளை முன்னைவிடப் பளிச்சென்று எட்டிப் பார்த்தது. மறுநாளும் அப்பினாள். மறுநாளும் உதிர்ந்தது. கணவன் திரும்பும் வழியை ஒரு பெண் தன் கையாலேயே மூடினாள். அது தினமும் திறந்துகொண்டது. எத்தனையோ நூல்களில் துயரத்தைப் படித்தவள் நான். அந்தச் சுவர் முன் அவற்றில் ஒரு வரியும் நினைவுக்கு வரவில்லை.

கடைசியில் பின்கட்டிலிருந்து தார்போல் கறுத்த கீல் டின்னை எடுத்து வந்தாள். தேசப்பன் திரும்பியதும் படகின் அடிப்பக்கத்துக்குப் பூச வாங்கி வைத்திருந்தது. அதைக் காய்ச்சி, சுண்ணாம்பு மட்டையாலேயே சுவர் முழுக்க இழுத்தாள். கீல் உதிரவில்லை.

முடித்துவிட்டு வந்து, கறுத்த கையோடு எங்களுக்குச் சோறு பரிமாறினாள். "இனிமே சன்னல் வெச்சுக்கலாம் நைனா" என்றாள் நாயுடுவிடம். அவர் எச்சில் இலையிலிருந்து எழுந்து வெளியே போய்விட்டார்.

கீல் நாற்றம் தாங்காமல் விருந்தாளிகள் குறைந்தார்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் எனக்கு மாற்றல் வந்தது. செங்கேணி விடுதியை மூடிவிட்டுக் காக்களூரில் யார் வீட்டிலோ சமையல் வேலைக்குப் போய்விட்டாள் என்று கேள்விப்பட்டேன். அங்கிருந்து கடல் வெகு தூரம். நான் தேடிப் போனபோது அப்படியொருத்தி இருந்ததையே யாரும் அறிந்திருக்கவில்லை.

பல வருடங்களுக்குப் பிறகு ஒருமுறை பழவேற்காட்டுக்குப் போனேன். பனை இல்லை. சுவர் இல்லை. நாயுடுவைப் பற்றி விசாரிக்கவும் ஆள் இல்லை. அந்த இடத்தில் புது விடுதி எழும்பியிருந்தது. கிழக்கே தரையிலிருந்து கூரை வரை கண்ணாடிச் சன்னல்கள். மேலாளர் இளைஞர் ஓர் அறையைத் திறந்து பெருமையுடன் திரையை விலக்கினார்.

"இங்கேருந்து பாத்தா கடல் முழுசாத் தெரியும், மேடம்."

தெரிந்தது. ஒரு படகும் இல்லாமல், முழுசாகத் தெரிந்தது. திரையை மூடிவிடச் சொன்னேன்.