பன்னிரண்டாவது தாள்

கடையில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தெர்மாமீட்டர் என்பார்கள், வயதில் சின்னவர்கள் பின்னால் ஓர் அண்ணனைச் சேர்த்துக்கொள்வார்கள். ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டரின் மூடியைத் திறந்து, ஆட்காட்டி விரலை ஒரு நொடி உள்ளே வைத்துவிட்டு "அறுபத்திரண்டு" என்பார். திரையில் பார்த்தால் அறுபத்தொன்றோ அறுபத்திரண்டோ காட்டும். கம்ப்யூட்டர் கட்டித்தரும் அந்தக் கடையின் பின்பக்க பெஞ்சில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, பத்தொன்பது வருஷத்தை ஓட்டிவிட்டார்.

அந்தச் சுவரில் ஒரு பலகை உண்டு. ஆரம்பித்துவைத்ததே அவர்தான். ப்ராசஸரின் தலைமேல் உட்கார்ந்து அதன் சூட்டை உறிஞ்சி வெளியே தள்ளுகிற பாகத்துக்குக் கூலர் என்று பெயர். புதுக் கூலரின் செம்பு அடிப்பாகத்தில் கீறல் விழாமலிருக்க, கண்ணுக்கே தெரியாத மாதிரி ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டி வரும். மாட்டுவதற்கு முன்னால் அதை உரித்துவிட வேண்டும். மறந்தால் சூடு மேலே ஏறாது. ப்ராசஸர் தன் சூட்டிலேயே வெந்துபோகும். அந்தத் தொழிலில் இதைவிட அசட்டுத்தனமான பிழை கிடையாது. அப்படி மறந்தவர்களின் தாளை, ப்ராசஸர்மேல் தடவும் பேஸ்டின் கறையோடு அப்படியே பலகையில் குத்தி, கீழே பெயர் எழுதிவைப்பார். பதினோரு தாள்கள் தொங்கின. அதில் ஒன்று முதலாளியுடையது. அப்பாவின் கடைக்கு வேலை கற்றுக்கொள்ள வந்த முதல் வாரத்தில் மாட்டிக்கொண்டவர் அவர். இப்போதும் யாராவது வந்தால் அதைக் காட்டிச் சிரிப்பார்.

நாலு மாதமாகத்தான் தெர்மாமீட்டரின் வேலை கோணலாகப் போயிற்று. ஒரு திருகாணி கைநழுவி மதர்போர்டின் மேல் விழுந்து அதைக் காவு வாங்கியது. ஒரு ப்ராசஸரைச் சாய்வாக வைத்து அடியிலிருந்த ஊசிகளை வளைத்துவிட்டார். கடைசியில் ஒரு டாக்டர் வீட்டுக்குப் போன கம்ப்யூட்டர், மெமரி பாதி செருகிய நிலையிலேயே திரும்பி வந்தது. முதலாளி கதவைச் சாத்திவிட்டுப் பேசினார்.

"அண்ணே, உங்கள நான் போகச் சொல்லல. பொண்ணுக்கு வீட்ல ஒண்ணு கட்டணும்னு சொல்லிட்டே இருந்தீங்கல்ல? இந்த ஞாயித்துக்கிழமை கட்டுங்க. ஃபுல் லோட்ல எட்டு மணி நேரம் ஓட்டுங்க. நிக்காம ஓடினா அந்த ரிப்போர்ட்டைக் கொண்டு வாங்க, பெஞ்ச் உங்களுதுதான்."

"நின்னுடுச்சுன்னா?"

முதலாளி மேஜையில் இல்லாத தூசியைத் தட்டினார். "அது உங்களுக்கே தெரியும்ணே."

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரைக்கே சாப்பாட்டு மேஜை காலியாகிவிட்டது. மகள் பழைய பெட்ஷீட்டை விரித்தாள். புள்ளியியலில் முதுகலை படிக்கிறாள். அந்த வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள்.

"நாற்பது நிமிஷ வேலை" என்று சொல்லி உட்கார்ந்தார். ஒன்பதரை ஆயிற்று. திருகாணிகளை ஒரு தட்டில் கொட்டிவைத்து, ஒவ்வொன்றையும் கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்துப் பார்த்து மாட்டினார். கூலரை எடுத்தபோது தாளின் ஓரத்தில் 'உரிக்கவும்' என்று ஆங்கிலத்தில் அச்சடித்த சிவப்பு வால் நீட்டிக்கொண்டிருந்தது. பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார். சிவப்பாக ஏதோ கையோடு வந்தது. கசக்கிக் கூடையில் போட்டார்.

அடுப்படியிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். "என்னங்க, கம்ப்யூட்டர் கட்டறீங்களா, கல்யாணம் கட்டறீங்களா? இவ்ளோ நேரம்?"

"அதை அரை மணி நேரத்துல கட்டினதுக்குத்தான் இவ்ளோ வருஷமா அனுபவிக்கிறேன்."

"யாரு, நீங்களா? நல்லா இருக்கு நியாயம்!"

மகள் சிரித்தாள். பொத்தானை அமுக்கியதும் விசிறிகள் சுழல ஆரம்பித்தன. அவர் மூச்சை விட்டார்.

"எல்லா டெஸ்ட்டையும் ஒண்ணா ஓட்டிடலாமேப்பா? நேரம் மிச்சம்."

"கூடாது. ஒவ்வொருத்தனா அடிச்சுப் பாக்கணும். எல்லாரையும் சேத்து அடிச்சா எவன் அழறான்னு தெரியாது."

முதலில் மெமரி. ஒன்றே முக்கால் மணி நேரம் ஓடி, ஒரு பிழையும் இல்லாமல் தேறியது. அடுத்தது ப்ராசஸர். சோதனையைத் தொடங்கிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்.

திரையில் சூட்டைக் காட்டும் எண் நாற்பதிலிருந்து எழுபதுக்குத் தாவியது. எண்பத்தெட்டு. தொண்ணூற்றாறு. நூறு. அங்கேயே நின்றது.

"அப்பா, நூறு காட்டுது."

"சென்சார் பொய் சொல்லுதும்மா. புது போர்டுல அப்படித்தான் ஏடாகூடமா காட்டும்."

"நிறுத்திடலாமா?"

"இரு. சும்மா பதறாத." விரலைக் கூலர்மேல் வைத்தார். "ஜில்லுனு இருக்கு பாரு."

மகளும் தொட்டுப் பார்த்தாள். உண்மைதான், குளிர்ந்தே இருந்தது. அடியில் இருப்பது நூறில் கொதிக்கிறது, மேலே இருப்பது குளிர்ந்து கிடக்கிறது. கடையில் வேறு யாருக்காவது இப்படியென்றால் அவரே எழுந்து போய், "தாளை உரிச்சியாடா?" என்று முதுகில் ஒன்று வைத்திருப்பார். இன்று அது அவருக்குத் தோன்றவில்லை. தோன்றவிடவில்லை என்பதே சரி.

நாலு நிமிஷம் போயிற்று. ப்ராசஸருக்குப் பக்கத்திலிருந்த அலுமினியக் கட்டியின்மேல் விரலை அழுத்தி வைத்துக்கொண்டு, அங்கேயே வைத்தபடி பேசினார்.

"இதப் பாரு, இதுவும் அப்படியேதான் இருக்கு. சூடே இல்ல. மெஷின்ல குறை இல்லம்மா, இந்த..."

மகள் கட்டியைத் தொட்டாள். "ஆ!" என்று கையை உதறினாள். அப்பாவின் விரல் இன்னும் அங்கேயே இருந்தது.

"அப்பா! கையை எடுங்க! அப்பா!"

அவர் புரியாமல் பார்த்தார். அவளே மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். விரல் நுனி வெளுத்து, தோல் சுருங்கிப் போயிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கொப்புளம் எழும்பியது. மகள் சுவரில் சுவிட்சை அணைத்தாள். விசிறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன.

"எத்தனை நாளாப்பா?"

"சக்கரைதான். பதினோரு வருஷமா இருக்கறதுதானே."

"அதைக் கேக்கல."

அடுப்படி வாசலில் நின்ற மனைவி பதில் சொன்னாள். "ரெண்டு வருஷமா. ஒரு கால் செருப்பு தெருவுல கழண்டது தெரியாம வீடு வரைக்கும் நடந்து வந்திருக்காரு. வாங்க, முதல்ல கிளினிக்குக்குப் போலாம்."

கிளினிக்கின் நீலப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, அந்த இரண்டு வருஷத்தை நினைத்துப் பார்த்தார். மூடியைத் திறப்பதற்கு முன்னால் திரையின் மூலையை ஓரக்கண்ணால் பார்த்துவிடுவார். அதன் பிறகுதான் விரலை உள்ளே விடுவார். கூட நிற்பவர்கள் பந்தயம் கட்டுவார்கள், கைதட்டுவார்கள். அது ஏமாற்றா? எண் சரியான எண்தானே? இல்லை, எண்ணுக்கா கைதட்டினார்கள்? நர்ஸ் விரலில் மருந்து தடவி, "எரியுதா?" என்று கேட்டாள். எரிகிறது என்றார்.

அவரும் மனைவியும் வீடு திரும்பியபோது கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. திரையில் அறுபத்தெட்டு.

"என்ன செஞ்சே?"

"ஒண்ணும் இல்லப்பா. கூலரைக் கழட்டித் திரும்ப மாட்டினேன். பேஸ்ட் சரியாப் படல போல." அவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "பன்னெண்டு மணிக்கு ஆரம்பிச்சேன். எட்டு மணிக்கு முடிஞ்சிடும்."

அவர் தலையாட்டினார். தன் கட்டுப்போட்ட விரலை மடியில் வைத்துக்கொண்டு, சாயங்காலம் வரை அதன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். அறுபத்தேழு, அறுபத்தொன்பது, அறுபத்தெட்டு. ஒருதரம்கூட எழுபதைத் தாண்டவில்லை. பேனா கீழே விழுந்து, எடுக்கக் குனிந்தபோதுதான் கூடை கண்ணில் பட்டது. அதில் மேலாக ஒரு செய்தித்தாள் உருண்டை. அவ்வளவு இறுக்கமாகக் கசக்கியிருந்ததே சந்தேகத்தைக் கொடுத்தது. பிரித்தார். உள்ளே கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாள். நடுவில் சதுரமாகச் சாம்பல் நிற பேஸ்ட். ஓரத்தில் சிவப்பு வால் இல்லை. காலையில் கையோடு வந்தது வால் மட்டும்தான்.

மகள் குளிக்கப் போயிருந்தாள். தாளை மடிக்காமல் ஒரு டைரிக்குள் வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை அவளே ரிப்போர்ட்டை அவருடைய சட்டைப் பையில் செருகினாள். "குடுத்துடுங்கப்பா. எட்டு மணி நேரம் ஓடினது ஓடினதுதான். அதுல பொய் எதுவும் இல்ல."

"இல்லம்மா. அதுல இல்ல."

அவள் முகத்தில் ஏதோ ஓடி மறைந்தது. அப்பாவின் ஷூ கயிறு அவிழ்ந்திருந்ததைக் குனிந்து கட்டிவிட்டாள்.

பஸ்ஸில் நின்றபடி யோசித்துக்கொண்டே வந்தார். இந்தக் காகிதத்தை நீட்டினால் போதும், பெஞ்ச் கிடைத்துவிடும். இரண்டு வருஷம் ஓட்டியவருக்கு இன்னும் இரண்டு வருஷம் ஓட்டத் தெரியாதா? ஆனால் அடுத்த தாள் யார் வீட்டுப் பெட்டிக்குள் போய் உட்காரும்? அதைக் கழற்றித் திரும்ப மாட்ட அந்த வீட்டில் ஒரு மகள் இருப்பாளா? வேறு வேலை என்றால் என்ன வேலை? ஐம்பத்து மூன்று வயதில், விரலில் உணர்ச்சி இல்லாதவனை எதற்கு எடுப்பார்கள்? இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டது.

அவரிடமும் ஒரு சாவி உண்டு. கடையைத் திறந்து, விளக்கைப் போட்டு, பலகைக்கு முன்னால் நின்றார். குண்டூசியை எடுக்க நாலு தரம் முயல வேண்டியிருந்தது. பதினோரு தாள்களும் ஓரங்களை அடைத்துக்கொண்டிருந்ததால், புதியதை நட்டநடுவில்தான் குத்த முடிந்தது. கீழே தெர்மாமீட்டர் என்று எழுதினார். கட்டுப்போட்ட விரலால் எழுதியதில் எழுத்து கோணிப்போயிற்று.

ரிப்போர்ட்டைப் பெஞ்சின் மேல் வைத்து, அது பறக்காமலிருக்கக் கடைச் சாவியை அதன்மேல் வைத்தார். பிறகு வீட்டிலிருந்து கொண்டுவந்து மாட்டியிருந்த தன்னுடைய மேஜை விளக்கைக் கழற்ற ஆரம்பித்தார்.

பில் போடும் அம்மா கைப்பையோடு உள்ளே வந்தார். பலகையைத் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டார்.

"அடடே, பன்னெண்டாவது வந்தாச்சா! யாருண்ணே இந்தத் தடவை மாட்டின மாங்கா மடையன்?"

சிரித்துக்கொண்டே கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, படிக்கக் கிட்டே வந்தார்.

சிரிப்பு பாதியில் நின்றது. தெர்மாமீட்டர் திரும்பிப் பார்க்கவில்லை. விளக்கின் ஒயரை முழங்கையில் சுற்றிக்கொண்டிருந்தார்.