கப்சிப் கெடுத்த சத்தம்

மிக்ஸி மெக்கானிக்கை அந்தத் தெருவில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கப்சிப் என்றால்தான் தெரியும். பேசாத ஆள் என்பதால் வந்த பட்டம் இல்லை. வாயைத் திறந்தால் மூடமாட்டார். அவர் கையிலிருந்து போகும் மிக்ஸிதான் கப்சிப். ஓடுகிறதா என்று தொட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கரகரக்கும் மிக்ஸி ஒன்று கடையை விட்டுப் போனால் அன்று அவருக்குச் சோறு இறங்காது. வீட்டில் சண்டை வந்தாலும் அதே காரணம்தான். மனைவி ஜாருக்குள் ஸ்பூனை மறந்துவிட்டு சுவிட்சைத் தட்டுவாள். அவர் கூரை அதிரக் கத்துவார்.

அப்பேர்ப்பட்டவரிடம்தான் அந்தக் கிழவர் வந்து சேர்ந்தார். எழுபதைத் தாண்டியவர், நரைமுடியைக் குதிரைவாலாகக் கட்டியிருந்தார், கக்கத்தில் ஒரு பழைய மிக்ஸி. சுவிட்ச் போய்விட்டது, அதை மட்டும் மாற்றினால் போதும் என்றார். கப்சிப் வயரை நேராகக் கொடுத்து ஓட்டிப் பார்த்தார். எதிர்க்கடை வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது.

“சத்தத்துல மட்டும் கை வச்சிடாதீங்க தம்பி. அதுக்காகத்தான் இதை வச்சிருக்கேன்.”

கப்சிப் தலையாட்டினார். சத்தத்துக்காக மிக்ஸி வைத்திருப்பவர் உலகத்தில் உண்டா? பாவம், செலவுக்குப் பயந்து சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டார். கிழவர் டீ குடிக்கப் போன நேரத்தில் சுவிட்சை மாற்றினார். கழற்றிய கை சும்மா இருக்குமா? சத்தத்துக்குக் காரணமான தேய்ந்த புஷ்ஷை எடுத்துப் புதிது போட்டார், எண்ணெய் விட்டார், கப்ளரையும் மாற்றினார். கிழவர் திரும்பி வந்தபோது ஓட்டிக் காட்டலாமென்றால் கரண்ட் போய்விட்டது. சாயங்காலம் ராக் கச்சேரி, இங்கிருந்து நேராக அரங்கத்துக்குத்தான் போகிறேன், வீட்டம்மாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று கிழவர் இரண்டு டிக்கெட் தந்துவிட்டு ஆட்டோ ஏறினார்.

முன்வரிசையில் இடம். மேடையில் கிடார் இருந்தது, தகரப் பீப்பாய் இருந்தது, சைக்கிள் சக்கரம் இருந்தது. நடுவே தனி மேசையில், மாலை போடாத குறையாக, அந்த மிக்ஸி. கப்சிப் இருக்கை நுனிக்கு வந்துவிட்டார். பக்கத்து இருக்கைக்காரர் வேறு விவரம் சொன்னார். கடைசிப் பாட்டில் மற்ற வாத்தியமெல்லாம் நின்றுவிடுமாம், மிக்ஸி மட்டும் அலறுமாம், இத்தனை கூட்டமும் அதைக் கேட்கத்தானாம்.

“என்னங்க, ஏன் இப்படி வேர்க்குது?”

அவர் மனைவியின் காதில் நடந்ததைச் சொன்னார்.

“சொன்ன பேச்சைக் கேக்குற வழக்கம் உங்க பரம்பரைக்கே கிடையாதே,” என்றாள் அவள்.

கடைசிப் பாட்டு வந்தது. கிடார் நின்றது, பீப்பாய் நின்றது. கிழவர் கண்ணை மூடிக்கொண்டு சுவிட்சைத் தட்டினார். மிக்ஸி வெண்ணெயாக ஓடியது. மைக்கை அதன் வாயருகே கொண்டுபோனார். யாரோ இருமினார்கள், அதுதான் கேட்டது. அணைத்துவிட்டு மறுபடி போட்டார். கிழவரின் முகம் தொங்கிப்போனது. தான் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமாக ஒரு வேலை செய்ததில்லை என்று கப்சிப்புக்குத் தெரிந்தது. அந்த இடத்திலேயே பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது.

மனைவி பைக்குள் துழாவினாள். சர்க்கரை நோயுள்ள கணவர் நேரத்துக்குச் சாப்பிடவேண்டுமென்று எடுத்து வந்த டப்பாவிலிருந்து எவர்சில்வர் ஸ்பூனை உருவி அவர் கையில் திணித்தாள்.

“போய் ஜாருக்குள்ள போடுங்க.”

“ஜார் போயிடும்டி.”

“மானம் போறதுக்குப் பதிலா ஜார் போகட்டும்.”

கப்சிப் மேடையேறிக் கிழவரிடம் கிசுகிசுத்தார். கிழவர் ஒரு நொடி முறைத்தார், பிறகு நகர்ந்து வழி விட்டார். ஸ்பூனைப் போட்டு, இரண்டு கையாலும் மூடியை அமுக்கி, பெற்ற பிள்ளைக்கு ஊசி போடுவதைப் பார்க்கமாட்டாதவர்போல் கப்சிப் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கிழவர் தட்டினார். அரங்கமே கடகடத்தது. ஜனம் எழுந்து நின்று கூச்சல் போட்டது. இதுவரை வாசித்ததிலேயே இதுதான் உசத்தி என்று பக்கத்து இருக்கைக்காரர் பிற்பாடு சத்தியம் செய்தார். ஜார் என்ன ஆனது என்றுகூடப் பார்க்காமல் கிழவர் கப்சிப்பைக் கட்டிக்கொண்டார்.

இப்போதெல்லாம் கடைக்கு யார் மிக்ஸி கொண்டுவந்தாலும் கப்சிப் முதலில் கேட்பது ஒன்றுதான்: “சத்தம் வேணுமா, வேணாமா?”

வீட்டில் இன்னும் ஸ்பூன் ஜாருக்குள் விழுந்துகொண்டுதான் இருக்கிறது. அவர் கத்த வாயைத் திறப்பதற்குள் மனைவி கை தட்டிவிடுகிறாள்.