பத்ரம் பததி

மகளின் சமஸ்கிருதப் பாடப் புத்தகத்தைப் புரட்டினால் அதே மரம், உதிரும் அதே இலை, அடியில் அதே வாக்கியம்: 'பத்ரம் பததி.' இலை விழுகிறது.

மார்க் அள்ளலாம் என்று யாரோ சொன்னதை நம்பிச் பள்ளியில் சமஸ்கிருதம் எடுத்த நான், ஏற்காட்டுக் காப்பி எஸ்டேட்டின் தொழிலாளர் லைன் வீட்டில், தகரக் கூரையில் அடிக்கும் மழையை மீறிக் கத்திக் கத்திப் படிப்பேன். அந்தப் புத்தகத்தில் யானை நடக்கும், குரங்கு பழம் தின்னும், யாருக்கும் இரண்டாவது வேலையோ கவலையோ கிடையாது. 'பத்ரம் பததி' வந்தால் மட்டும், ஈர விறகை ஊதிக்கொண்டிருக்கும் அம்மா ஒவ்வொரு முறையும் பதறித் திரும்புவாள்.

"பத்திரம் கண்ணு, உழுந்துறாத!"

"பத்திரம்தான் உழுவுதாமா," என்பார் அப்பா. "நம்முளுக்கு ஒண்ணு இருந்தாத்தான உழுகறதுக்கு?"

மூன்று பேரும் கண்ணில் நீர் வரச் சிரிப்போம்.

எஸ்டேட் கைமாறி, லைன் வீடுகளை இடிக்க வந்தவர்கள், "ஊட்டுக்குப் பத்திரம் இருக்குதுங்களா?" என்று மரியாதையாகத்தான் கேட்டார்கள். "இல்லீங்க," என்றார் அப்பா. யாரும் சிரிக்கவில்லை. இன்று அங்கே ரிசார்ட்டின் நீச்சல் குளம்.

"பத்ரம்னா என்னம்மா?" என்கிறாள் மகள்.

"இலை, கண்ணு," என்கிறேன்.