டீச்சர் கேட்ட சட்டைப் பொத்தான்கள்

அன்று அடையாறு பள்ளி வகுப்பறையில் நான்கு பேர் இருந்தோம்: இளவயது டீச்சர், இரண்டாவது படிக்கும் என் மகள், என் மனைவி, நான். ஸ்பெல்லிங் வரவில்லையென்று பிள்ளையை அதே வகுப்பில் நிறுத்திவிடுவார்களோ என்று எனக்கு உதறல்.

"டெஸ்ட்டு அவளுக்கு. உனக்கு இன்னாத்துக்குய்யா வேர்க்குது?" என்றாள் மனைவி.

என் தையல்கடையிலிருந்து கேட்டு வாங்கிய பொத்தான்களை டீச்சர் மேசையில் பரப்பினார். மகள் 'ஃபிஷ்' என்று இழுத்துச் சொல்லி, ஒலிக்கு ஒன்றாக மூன்று பொத்தான்களை நகர்த்தினாள். பிறகு ஆங்கிலத்தில் f, i, s என்று எழுதினாள். கடைசியில் ஓர் எழுத்து குறைந்தது. டீச்சர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு காத்திருந்தார்.

நான் படித்த காலத்தில் இந்த இடத்தில்தான் எனக்கு அடி விழும். அதற்குப் பயந்தே ஐந்தாவதோடு நின்றவன் நான்.

அவரோ சரியான எழுத்துகளுக்கு மட்டும் டிக் போட்டார். "மூணு சத்தமும் சரியா கேட்டிருக்கே. கடைசிச் சத்தத்துக்கு மட்டும் ரெண்டு எழுத்து." மகள் தானே சேர்த்துவிட்டுச் சிரித்தாள்.

"பத்து வாட்டி எழுதச் சொல்லலையா டீச்சர்?" என்று கேட்டேன்.

"சத்தத்தைக் கவனிக்காம திரும்பத் திரும்ப எழுதினா கைதான் வலிக்கும் சார். மூணாவதுக்குப் போயிடுவா, பயப்படாதீங்க."

மூன்றாவதுக்குப் போய்விட்டாள். இன்றும் பொத்தான் தைக்கும்போது என் வாய் ஒவ்வொரு ஒலியாக முணுமுணுக்கிறது. யாரும் அழாமல் அந்த அறையில் எழுத்து எப்படி வந்தது என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை.