பூசையில் இருந்த கீபோர்ட்

சரஸ்வதி பூசை அன்று மத்தியானம் என் மாமியார், பாடப் புத்தகங்களோடு கம்ப்யூட்டரின் கீபோர்டையும் கழற்றிச் சாமிப் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டார். எழுத்தெல்லாம் அதில்தானே இருக்கிறது என்றார். மவுசில் எழுத்து இல்லாததால் அது தப்பியது.

மறுநாள் காலைவரை வீட்டில் யாரும் எழுதக் கூடாது. ஆனால் நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்தில் மறுநாள் பரீட்சை. என் வினாத்தாளை வாங்கிப்போக நோர்வூட்டிலிருந்து சக ஆசிரியை ஐந்து மணிக்கு வேனில் வருவதாகச் சொல்லியிருந்தார்.

"அத்தை, கீபோர்ட மட்டும் எடுத்துக்கவா?"

"எடுத்துக்க. நாளைக்கு ஒம் மகளுக்கு ஏடு தொடக்குறோம். படிப்பு ஏறலன்னா என்னையச் சொல்லாத."

அரிசியில் முதல் எழுத்து எழுதப்போகும் மூன்று வயது மகளின் படிப்பு என்றதும் கை நீளவில்லை. பிறகுதான், திரையிலேயே ஒரு கீபோர்டை வரவழைக்கலாம் என்று கம்ப்யூட்டர் வகுப்பில் காட்டியது ஞாபகம் வந்தது. வரவழைத்தேன்.

"இது படம்தான் அத்தை. நான் எதையும் தொடல."

அவர் திரைக்குக் கிட்ட வந்து பார்த்தார். "படம்னா பரவாயில்ல" என்றார். சாமியும் படம்தானே என்று எனக்குத் தோன்றியது.

படத்தில் இருந்தது ஆங்கில எழுத்து. எதைத் தட்டினால் எந்தத் தமிழ் எழுத்து வரும் என்பது என் விரல்களுக்குத்தான் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. மடியில் விரலை ஆட்டிப் பார்த்து, பிறகு மவுசால் அந்த எழுத்தைத் தேடினேன். நாலு கேள்வி முடிவதற்குள் கழுத்து பிடித்துக்கொண்டது. அப்போது மகள் மடியில் ஏறி, என் கைமேல் கை வைத்து மவுசை அழுத்தினாள். அழுத்திக்கொண்டே இருந்தாள். நாலாவது கேள்வி வாலிலிருந்து மறைந்துகொண்டே வந்தது.

"புள்ள என்னத்தத் தொட்டுச்சு?"

"அழிக்கிற பட்டன், அத்தை."

"ஐயோ! மொதமொதல்ல அழிக்கிறதையா தொடணும்?"

படம் கணக்கில் சேராது என்றால் பிள்ளைக்கு ஒன்றுமில்லை. சேரும் என்றால் நானும் மத்தியானத்திலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். இரண்டில் எது நல்லது என்று நான் குழம்பி நிற்க, அவர் சந்தனக் கிண்ணத்தோடு வந்து, திரையில் அந்தப் பட்டன் இருந்த இடத்தில் பெரிதாக ஒரு பொட்டு வைத்தார்.

"இனி யாரும் அமத்த வேணாம்."

பிழைவிட்டால் திருத்த வழியில்லை. கீபோர்ட் படத்தைக் கொஞ்சம் நகர்த்தினேன். பொட்டு கண்ணாடியிலேயே நின்று வேறொரு எழுத்தை மறைத்தது.

"அது எப்பிடி வெளிய வந்துச்சு?" என்று அவர் மறுபடியும் சந்தனத்தைத் தொட்டார். நான் நகர்த்த நகர்த்த அவர் பொட்டு வைத்தார்; ஐந்து மணிக்கு வேன் ஹோர்ன் அடித்தபோது திரையில் ஆறு பொட்டு. வினாத்தாளில் நாலாவது கேள்வி பாதியில் நின்றது. அப்படியே பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன்.

மறுநாள் விடியற்காலை கோயிலில் ஐயரிடம் மெல்லக் கேட்டேன்: "சாமி, பிள்ளை நேத்தே படத்துல எழுத்தத் தொட்டுட்டா. அதுவும் அழிக்கிறத. ஏதும் தோஷமா?"

ஐயர் யோசித்தார். "எங்க வீட்லயும் கம்ப்யூட்டர் எடுத்திருக்கோம். நான் பெட்டியத்தான் பூசைக்கு வச்சேன். கீபோர்டத்தான் வைக்கணுமோ?"

எனக்குத் தெரியாது என்றேன். நாங்கள் பேசி முடிப்பதற்குள், வரிசையில் காத்திருக்காமல், மகள் தட்டிலிருந்த அரிசியில் தானாகவே ஏதோ கிறுக்கி முடித்து, அடுத்த பிள்ளையின் தட்டுக்குப் போயிருந்தாள்.